துறந்ததும் கைவிட்டதும்

விட்டுச் செல்வதெல்லாம் துறவாகிவிடுமா?

பதவியை விட்டவர், ஊரை விட்டவர், உறவை விட்டவர் என்று பலரைக் காண்கிறோம். அவர்களுள் சிலரை 'எல்லாவற்றையும் துறந்தவர்' என்று உலகம் போற்றுகிறது. சிலரைப் பற்றி 'எல்லோரையும் கைவிட்டுப் போனவர்' என்று வருந்துகிறது. இரண்டு செயல்களும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் ஒருவர் எழுந்து போகிறார். ஓர் இடம் வெறுமையாகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது?

போனவரின் முகத்தைப் பார்த்து அதனை அறிய முடியாது. அவர் விட்டுச் சென்ற இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அத்தகைய இடங்கள் கோவாவின் நாட்டுப்புறத்தில் நிறைய இருக்கின்றன. கடற்கரையை நாடாமல் உள்நாட்டு மேடுகளில் கால்நடையாகச் செல்பவர், ஒரே நாளில் இரண்டு வகை வெறுமைகளைக் கண்டு திரும்பலாம். ஒன்று, கல் வெட்டி எடுத்தபின் கைவிடப்பட்ட பள்ளம். மற்றொன்று, அதே வகைக் கல்லால் எழுப்பப்பட்டுப் பின்னர் இடிந்துபோன தேவாலயம்.

பள்ளம்

கோவாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைக்காலம் ஓய்ந்த பின் நடக்கப் புறப்படுபவரின் காலடியில் மண் செக்கச் செவேலென்று இருக்கும். முந்திரி மரங்களுக்கு நடுவே, முன்பு லாரிகள் சென்ற தடம் புல் மூடிக் கிடக்கும். அந்தத் தடத்தில் சிறிது தூரம் சென்றால் நிலம் திடீரென்று முடிந்துவிடும். எதிரே ஒரு பெரிய பள்ளம். அதன் பக்கங்கள் சுவர் வைத்துக் கட்டியதுபோல் நேராக இருக்கும். கீழே இறங்கும் படிகள் போலக் கல்லின் அடுக்குகள் தெரியும். கட்டடம் ஒன்றை அப்படியே பெயர்த்தெடுத்து, அதன் அச்சை மட்டும் பூமியில் விட்டுவைத்ததுபோல் அந்த இடம் தோற்றமளிக்கும்.

அங்கே வெட்டப்படுவது செம்புரைக்கல். கேரளத்தில் அதனை வெட்டுக்கல் என்பார்கள். பன்னெடுங்காலமாக வெப்பமும் பெருமழையும் பாறையின் மீது செய்த வேலையின் விளைவு அது. கரையக்கூடியவை கரைந்துபோக, இரும்பும் அலுமினியமும் மிகுந்த பகுதி தங்கிவிடுகிறது. பிரான்சிஸ் புக்கானன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைக் கண்டு, 1807-இல் வெளியான தமது பயண நூலில் அதற்கு 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இந்தக் கல்லுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. பூமிக்குள் இருக்கும்வரை அது மென்மையாக இருக்கும். கோடரி போன்ற சாதாரணக் கருவியாலேயே அதனைச் சதுரமாக வெட்டி எடுத்துவிடலாம். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட வைத்தால் நாளாக நாளாக இறுகி உறுதி பெறும். பூமி தன் மடியில் இருப்பதை எடுத்துக்கொள்வதற்கு எளிதாகவும், எடுத்துக்கொண்ட பின் பயன்படுவதற்கு உறுதியாகவும் வைத்திருக்கிறது. இதைவிட எளிதான கொடை வேறொன்று இருக்க முடியாது. எளிதாகக் கிடைத்ததனாலேயே மனிதன் அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

முன்பு கைக்கருவிகளால் வெட்டினார்கள். இன்று சுழலும் வாள் பொருத்திய இயந்திரங்கள் வரிவரியாக அறுக்கின்றன. நல்ல கல் தீர்ந்ததும் இயந்திரம் வேறிடம் போய்விடுகிறது. மேல்மண் எங்கோ கொட்டப்பட்டுவிட்டது. மாடு மேய்ந்த மேடு மறைந்துவிட்டது. வெயிலில் நின்று கல் சுமந்த தொழிலாளர்கள் எந்த ஊருக்குப் போனார்களோ, கேட்பவர் இல்லை. அடுத்த மழையில் பள்ளம் குளமாகிறது. நீரில் வானம் தெரிகிறது. மீன்கொத்தி வந்து அமர்கிறது. நடந்து வந்தவருக்கு அந்தக் காட்சி அழகாகவே இருக்கும்.

ஆனால் அருகில் இருக்கும் கிராமத்துத் தாய்மாருக்கு அது அழகு அன்று. பக்கங்கள் செங்குத்தானவை, ஆழம் தெரியாது, பல இடங்களில் வேலியும் இல்லை. இப்படிப்பட்ட பள்ளங்களில் குளிக்க இறங்கியவர்கள் மூழ்கி இறந்த செய்திகள் கோவாவில் மட்டுமல்ல, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மீண்டும் மீண்டும் வருகின்றன. கடைசி லாரி புறப்பட்ட அன்று உரிமையாளரின் கணக்கு முடிந்துவிட்டது. கிராமத்தின் கணக்கு அன்றுதான் தொடங்கியது.

பயனை உடன் எடுத்துக்கொண்டு, பொறுப்பைப் பின்னால் விட்டுச் செல்வது: இதுவே கைவிடுதல்.

கோபுரம்

பள்ளத்திலிருந்து எடுக்கப்பட்ட கல் என்ன ஆயிற்று என்பதைப் பழைய கோவாவில் காணலாம். போர்த்துகீசியர் 1510-இல் பீஜப்பூர் சுல்தானிடமிருந்து கைப்பற்றிய நகரம் அது. அங்கே 'புனித மலை' என்று பொருள்படும் மோந்தே சாந்தோ என்ற குன்றின்மீது, தனியாக ஒரு கோபுரத்தின் பாதி மட்டும் நிற்கிறது. அது அகஸ்டீனியத் துறவியரின் தேவாலயத்து மணிக்கோபுரம். 1597-இல் தொடங்கி 1602-இல் முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் கோபுரம் ஏறத்தாழ 46 மீட்டர் உயரம் கொண்டது. முழுவதும் செம்புரைக்கல்.

1835-இல் போர்த்துகீசிய அரசு துறவற சபைகளை வெளியேற்றியது. துறவியர் போய்விட்டார்கள். ஏழே ஆண்டுகளில், 1842-இல், தேவாலயத்தின் கூரை வளைவு இடிந்து விழுந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பகுதியும் சரிந்தன. 1938-இல் இன்னும் சில பகுதிகள் வீழ்ந்தன. கோபுரத்து மணி 1871-இல் பணஜி நகரத் தேவாலயத்திற்குச் சென்றது; இன்றும் அங்கே ஒலிக்கிறது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உறுதியாக நின்ற கட்டடம் ஆளில்லாத ஏழு ஆண்டுகளில் எப்படி இடிந்தது? செம்புரைக்கல் உறுதியானதுதான், ஆனால் நுண்துளைகள் நிறைந்தது. அதன்மீது சுண்ணாம்புப் பூச்சு இருக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பூச்சைக் கவனித்து, பெயர்ந்த இடத்தை மீண்டும் பூச வேண்டும். மழைக்காற்று அடிக்கும் பக்கத்தில் தென்னங்கீற்றுகளால் தடுப்பு வைப்பதும் கோவாவில் வழக்கம். பூச்சு போனால் நீர் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் சாந்தைக் கரைக்கும். விழுந்த விதை இடுக்கில் முளைத்து வேர் விடும். ஒரு கட்டடத்தின் அழிவு அது இடிந்த நாளில் தொடங்குவதில்லை. சுண்ணாம்பு பூச ஆள் வராத முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. மனித உறவுகளுக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கோவாவின் அழிவில் இன்னொரு செய்தியும் உண்டு. கொள்ளைநோய்களால் மக்கள் நகரை விட்டு நீங்கினார்கள். 1843-இல் பணஜி தலைநகராயிற்று. பழைய நகரின் மாளிகைகளைப் பிரித்து அந்தக் கற்களைக் கொண்டு புதிய நகரில் கட்டினார்கள். பூமியிலிருந்து கல்லைப் பெற்ற நகரம் தானே ஒரு கல்வெட்டுப் பள்ளமாகிவிட்டது. 'இது என் கல்' என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, கல் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

அகஸ்டீனியத் துறவியரின் பிரிவை என்னவென்று சொல்வது? அவர்கள் தாமாக விரும்பிப் போகவில்லை, ஆணையால் போனார்கள். அது துறவும் அன்று, கைவிடுதலும் அன்று, இழப்பு. ஆனால் அந்த இடிபாடு ஒன்றை நமக்குச் சொல்கிறது. ஜார்ஜியா நாட்டு அரசி கேத்தவான் மதம் மாற மறுத்ததால் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸின் ஆணைப்படி 1624-இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அவர் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர். அங்கிருந்த அகஸ்டீனியத் துறவியரோ கத்தோலிக்கர். ஆயினும் அவர்கள் அந்த அரசியின் எலும்புகளை மீட்டு, ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுவந்து தங்கள் மடத்தில் வைத்துக் காத்தார்கள். கட்டடம் இடிந்து மண்மேடாகிப் பல தலைமுறைகள் கடந்த பின், பழைய போர்த்துகீசிய ஆவணங்களில் இருந்த குறிப்புகளைக் கொண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அந்த இடத்தைத் தேடினார்கள். இடிபாடுகளுக்குள் கிடைத்த எலும்பு அந்த அரசியுடையதாக இருக்கலாம் என்பதற்கு ஹைதராபாத் ஆய்வகத்தின் மரபணுச் சோதனை வலுச் சேர்த்தது. 2021-இல் அதன் ஒரு பகுதி இந்திய அரசால் ஜார்ஜியாவுக்கு வழங்கப்பட்டது.

தம் சபையைச் சேராத ஒருவரின் எலும்பைக் காப்பாற்றியவர்கள் போய்விட்டார்கள். சுவர் விழுந்துவிட்டது. ஆனால் அவர்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்பு, அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளின் வாயிலாக, ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது. கல் தராத நிலைபேற்றைக் கடமை தந்தது.

ஆற்றைக் கடந்த லிங்கம்

பழைய கோவாவின் இடிபாட்டின் முன்னே நிற்பவர் மனத்தில் வேறொரு நினைவும் எழக்கூடும். போர்த்துகீசிய ஆட்சிப் பகுதியில் 1540 முதல் கோயில்கள் இடிக்கப்பட்டன என்பது வரலாறு. அதை அறிந்த ஒருவருக்குள், பாதிக் கோபுரத்தைக் காணும்போது ஒரு மெல்லிய நிறைவு தலைகாட்டலாம். 'இடித்தவர்களுடையதும் இடிந்தது' என்று மனம் சொல்லலாம். அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்வது நல்லது. அது நீதியின் குரல் போலத் தோன்றும். உண்மையில் அது பழைய காயத்தின் குரல். இடிந்துபோன வழிபாட்டிடம் யாருடையதாயினும், அங்கே ஒரு காலத்தில் யாரோ கண்ணீரோடு முழந்தாளிட்டிருக்கிறார்கள். அதைக் கண்டு மகிழும் மனம், எந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டாலும், வழிபாட்டிலிருந்து விலகிவிட்ட மனமே.

அந்த நாள்களில் வாழ்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால் மனம் தெளிவு பெறும். ஜுவாரி ஆற்றங்கரையில் இருந்த குஷஸ்தலியில் மங்கேசர் கோயில் இருந்தது. 1560-இல், கோயிலுக்கு ஆபத்து வந்துவிட்டதை உணர்ந்த பக்தர்கள் லிங்கத்தை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். அப்போது போர்த்துகீசிய ஆட்சிக்கு அப்பாற்பட்டிருந்த போண்டா பகுதியில் பிரியோல் என்ற ஊரில் அதனை நிறுவினார்கள். இன்று நாடெங்குமிருந்து மக்கள் செல்லும் மங்கேசி கோயில் அதுவே.

அந்த இரவில் அவர்கள் எதை விட்டார்கள், எதை எடுத்துச் சென்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டை விட்டார்கள், விளைநிலத்தை விட்டார்கள், முன்னோர் எழுப்பிய கருங்கல்லையும் செங்கல்லையும் விட்டார்கள். பயன் தந்தவை அனைத்தும் பின்னால் நின்றுவிட்டன. நாள்தோறும் செய்ய வேண்டிய வழிபாடு என்ற பொறுப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார்கள். கல் வெட்டியவர் செய்ததற்கு இது நேர் எதிரானது. அவர் பயனை எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டார். இவர்கள் பயனை விட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

இதுவே துறவு.

போக முடியாமல் அங்கேயே தங்கி, காலத்தின் நெருக்கடியில் மதம் மாறியவர்களையும் குறை சொல்வதற்கில்லை. அவர்களுள் பலர் தங்கள் உறவை முற்றிலும் விட்டுவிடவில்லை. குங்கொளி கிராமத்தின் சாந்தாதுர்க்கை 16-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஃபாத்தர்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். ஆண்டுதோறும் ஹோலிப் பண்டிகையை ஒட்டி, குங்கொளியின் 12 மரபுக் குடும்பங்களைக் குறிக்கும் வண்ணக்குடைகளுடன் ஊர்வலம் ஒன்று நடைபெறுகிறது. இந்துக்களோடு கத்தோலிக்கர்களும் அதில் பங்குகொள்கிறார்கள். நூற்றாண்டுகள் சென்றபின்னும் குடை பிடிக்கும் கைகள் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை.

கீதை காட்டும் அளவுகோல்

விட்டுச் செல்வதை எல்லாம் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதைப் பகவத்கீதை நுட்பமாக எடுத்துரைக்கிறது. போர்க்களத்தில் வில்லை நழுவவிட்ட அர்ஜுனன், பிச்சை எடுத்து வாழ்வதே மேல் என்றான். கேட்பதற்கு அது துறவியின் சொல்லாகவே இருந்தது. ஆனால் கண்ணன் அதனைத் துறவு என்று ஏற்கவில்லை.

பதினெட்டாம் அத்தியாயத்தில் தியாகம் மூன்று வகையாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. செய்ய வேண்டிய கடமையை மயக்கத்தால் விட்டுவிடுவது தாமசம். உடல் துன்பத்திற்கு அஞ்சி விட்டுவிடுவது ராஜசம். கடமையைச் செய்துகொண்டே பற்றையும் பலனையும் விடுவது சாத்விகம். முதல் இரண்டிலும் விடப்படுவது கடமை. மூன்றாவதில் விடப்படுவது பலன். கைவிடுதலுக்கும் துறத்தலுக்கும் இடையே உள்ள கோடு இதுதான்.

திருவள்ளுவரும் அறத்துப்பாலில் இல்லறத்தை முதலில் வைத்து, அதற்குப் பின்னரே துறவறத்தை அமைத்தார். விருந்தும் சுற்றமும் ஊரும் பெற வேண்டியதைப் பெற்றபின் வருவது அந்தத் துறவு. நம் முன்னோர் தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் முன்னோருக்கும் மட்டுமன்றி, சக மனிதர்க்கும் மற்ற உயிர்களுக்கும் மனிதன் கடன்பட்டிருக்கிறான் என்றார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எங்கோ ஒரு பள்ளம் உண்டு. அந்த வீட்டின் கல்லை, மணலை, மரத்தைத் தந்த இடம் அது. திருத்தலங்களுக்குப் பலர் போகிறார்கள். அந்தத் தலத்தின் கல்லைத் தந்த பள்ளத்திற்கு யாரும் போவதில்லை. போய்ப் பார்த்தால் கட்டடத்தின் பெருமை குறையாது. கட்டியவனின் கர்வம் குறையும்.

அப்படியானால் வீடு கட்டுவதே தவறா என்று கேட்கலாம். தவறில்லை. வாழ்வதற்கு எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்ததை மறப்பதுதான் தவறு.

திருப்பிக் கொடுத்தல்

மறக்காமல் இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நாட்டின் வடபகுதியில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டெல்லியை அடுத்த குருகிராமில், ஆரவல்லி மலைத்தொடரின் ஒரு பகுதியில் பல ஆண்டுகள் கல் உடைத்து எடுத்தார்கள். நீதிமன்ற ஆணைகளால் வேலை நின்றபோது எஞ்சியவை வெறும் குழிகளும் கல்தூளும். 2010 முதல் அந்த ஊர்ப் பொதுமக்கள், மாணவர்கள், நிறுவன ஊழியர்கள் எனப் பலரும் ஏறத்தாழ 380 ஏக்கர் நிலத்தில் அந்த மலைக்கே உரிய மரங்களைத் தேடிக் கொணர்ந்து நட்டுவந்தார்கள். இன்று அங்கே ஒரு காடு இருக்கிறது. பறவைகள் திரும்பி வந்திருக்கின்றன. 2022-இல் அந்த இடம் பல்லுயிர்களைக் காக்கும் பகுதியாக அங்கீகாரம் பெற்றது.

மரம் நட்டவர்களுள் பலர் அந்தக் குழியைத் தோண்டியவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கல்லால் எழுந்த நகரத்தில் வாழ்பவர்கள். தாம் கையெழுத்திடாத கடனைத் தம்முடையது என்று ஏற்றுக்கொண்டதே அவர்கள் செய்த அறம்.

ஒவ்வொருவர் வாழ்விலும் இத்தகைய பள்ளங்கள் உண்டு. தாயின் இளமை, தந்தையின் உழைப்பு, படிப்பதற்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்ட தமக்கையின் வாய்ப்பு, வீட்டு வேலை செய்தவரின் முதுகுவலி: இவற்றிலிருந்து எடுத்த கற்களால்தான் ஒருவருடைய வாழ்க்கை எழுப்பப்பட்டிருக்கிறது. மென்மையாக இருந்ததால் எளிதில் வெட்ட முடிந்தது. வெட்டியெடுத்தவை இன்று உறுதியாக நிற்கின்றன. வயது முதிர்ந்தபின், 'இனி எனக்கு எதிலும் பற்றில்லை' என்று ஒருவர் சொல்லும்போது, அந்தச் சொல் துறவா, கைவிடுதலா என்பதை அறிய ஒரே வழிதான் உண்டு. அந்தப் பள்ளங்களின் கரைக்கு அவர் ஒருமுறையேனும் நடந்து சென்றாரா? அங்கே வேலியாவது இட்டாரா? ஒரு மரமாவது நட்டாரா?

கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பது எளிது. பள்ளத்தைக் குனிந்து பார்ப்பதற்கே பயிற்சி வேண்டும். ஆன்மிக வாழ்வில் நடக்க விரும்புபவர் தம் முதல் நடையை அந்தப் பள்ளத்தை நோக்கித் தொடங்கட்டும். அங்கே செய்ய வேண்டியதைச் செய்து முடித்துத் திரும்பியவர் பிறகு எதை விட்டாலும், அவர் விட்டுச் சென்ற இடத்தில் நிழல் இருக்கும்.